மாப்பிள்ளையின் சீற்றில் யூஜினி

யூஜினி செல்வரட்ணம் தன் ஐம்பத்துநான்கு வயதுக்குள் பதினொரு தடவை விமானம் ஏறியிருக்கிறாள். பதினொரு தடவையும் போய் இறங்கிய ஊரில் ஒரு மண்டபம் அவளுக்காகக் காத்திருந்தது. லண்டனில் கலியாணம், ஒஸ்லோவில் தேவாலய முதல்நன்மை, சூரிச்சில் செத்தவீடு, பாரிசில் பூப்புச் சடங்கான சாமத்தியவீடு. ஈபிள் கோபுரத்தையும் ஒருமுறை கண்டிருக்கிறாள். பூ எடுக்கப் போன வான் வண்டியின் பின்சீற்றில், மடியில் பலகாரத் தட்டோடு இருந்தபடி பார்த்ததில், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே அரைவாசிதான் தெரிந்தது.

இத்தனைக்கும் அவளுடைய வேலை விமான நிலையத்தில்தான். கனடாவில், ரொறன்ரோவை ஒட்டிய மில்லிக்கனில் இருந்து மிசிசாகா வரை தினமும் கார் ஓடிப் போய், பயணிகளின் பைகளைத் திரையில் பார்த்து, "இந்தத் தண்ணிப் போத்தலைக் கொண்டுபோக முடியாது" என்று சொல்வது அவள் உத்தியோகம். பதினெட்டு வருடமாக உலகத்தின் எல்லாத் திசைக்கும் ஆட்களை அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து பழைய குழம்பைச் சூடாக்குவாள்.

பன்னிரண்டாவது பயணமும் கலியாணத்துக்கென்றுதான் தொடங்கியது. அக்கா றீற்றாவின் மகள் ஸ்டெபனி ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்தவள். மூன்று வருடத்துக்கு முன் நியூசிலாந்தில், ஓக்லாந்து நகரத்து மருத்துவமனை ஒன்றில் பிசியோதெரபிஸ்ற் வேலை கிடைத்துப் போனாள். அங்கே பிரியந்தன் என்ற பெடியனைச் சந்தித்தாள். பெப்ரவரியில் அங்கேயே கலியாணம் என்று முடிவாயிற்று. யூஜினி எல்லாருக்கும் முந்திக்கொண்டு ரிக்கெற் எடுத்தாள். திகதி மாற்ற முடியாத, காசு திரும்பாத ரிக்கெற்.

"என்ன நடந்தாலும் நான் போவன்" என்று குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் பெருமையாக எழுதினாள். அப்படியே பலித்தது.

கலியாணத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது மாப்பிள்ளை ஸ்டெபனிக்கு ஒரு நீண்ட மின்னஞ்சல் அனுப்பினான். வேறு பெண் இல்லை, சண்டை இல்லை, தான் இன்னும் தயாரில்லை, அவ்வளவுதான். மண்டபம் போயிற்று, கேக் போயிற்று. றீற்றாவும் புருஷனும் தங்கள் ரிக்கெற்றுகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். யூஜினியின் ரிக்கெற் மட்டும் அசையாமல் நின்றது.

றீற்றா அன்று பின்னேரமே மில்லிக்கனுக்கு வந்து தங்கச்சியின் சமையலறையில் குந்திவிட்டாள்.

"நீ போ. போய் அவளைக் கையோட கூட்டிக்கொண்டு வா. அங்கை தனிய நிண்டு என்ன செய்யப்போறாள்?"

"நீயே போவன் அக்கா. நீதானே தாய்."

"நான் போனா ரெண்டுபேரும் கட்டிப்பிடிச்சு அழுதுகொண்டுதான் இருப்பம். நான் கேட்டா அவள் ஃபோனை வைக்கிறாள். நீ சொன்னாக் கேப்பாள்."

"நான் சொல்லி ஆர் கேட்டது? என்ர பெடியள் ரெண்டும் கேட்டாங்களோ?"

யூஜினியின் கணவர் செல்வரட்ணம் பிறம்ரனில் இருந்து ட்ரக் ஓடுகிறவர். இரண்டு நாள் அமெரிக்கா ஓடிக் களைத்து வந்து சோபாவில் சரிந்திருந்தவர் அங்கிருந்தபடியே சொன்னார்: "நீர் போயிட்டு வாரும். ஆனா உந்தச் சாறிப் பெட்டியை விட்டிட்டுப் போம். கலியாணம் இல்லையெல்லே."

யூஜினி சாறிப் பெட்டியை விட்டாள். ஆனாலும் மாப்பிள்ளை மனம் மாறினால் என்ன செய்வது என்று இரண்டு காஞ்சிபுரத்தைத் துவாய்க்குள் சுருட்டி வைத்தாள்.

ஓக்லாந்தில் இறங்கியதும் அவள் மானம் போயிற்று. விமானத்தில் கொடுத்த அப்பிளில் பாதியைக் கடித்துவிட்டு மிச்சத்தைக் கைப்பையில் வைத்திருந்தாள். அந்த நாட்டுக்குள் பழம் கொண்டுபோகக் கூடாது. கதிர்ப்படத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த உத்தியோகத்தன், அவள் மூத்த மகனைவிட இளையவன், பையைத் திறந்து அப்பிளை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தான். பயணிகள் கவனமாக இருக்க வேண்டும் என்று ஐந்து நிமிடம் விளக்கினான். தான் எத்தனை ஆயிரம் பேருக்கு இதே குரலில் இதே விளக்கத்தைச் சொல்லியிருப்பாள் என்று யூஜினி எண்ணிப் பார்த்தாள். கடைசியில், "நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டான். "சமையல்" என்றாள்.

வெளியே ஸ்டெபனி நின்றாள். அழுது வீங்கிய முகத்தை எதிர்பார்த்துப் போன யூஜினிக்கு, வெயிலில் கறுத்து, தலைமயிரைக் கட்டையாக வெட்டி, முதுகில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இரண்டு பெரிய முதுகுப்பைகளோடு நின்ற பிள்ளையைக் கண்டதும் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

"சித்தி, உங்களிட்ட நடக்கிற சப்பாத்து இருக்கோ?"

"ஏன்?"

"ஹனிமூனுக்கு எண்டு ஒரு ட்ரிப் புக் பண்ணினது. ஏழு நாள், பஸ்ஸில. ரெண்டு சீற். கான்சல் பண்ண ஏலாதாம், திகதியை மட்டும் முன்னுக்கு மாத்தினன். ஐ ஆம் நொட் வேஸ்ரிங் இற். நீங்கள் வாறியளோ?"

பஸ் என்றதும் யூஜினியின் மனம் குளிர்ந்தது. கோடைக்குக் கோடை தேவாலயத்தால் போகும் யாத்திரை பஸ்ஸுக்கு அவள்தான் பொறுப்பு. முன்சீற், குளிரூட்டி, செபமாலை, இடைக்கிடை கடிக்க ரோல்ஸ். ஏழு நாள் பக்கத்துப் பக்கத்துச் சீற்றில் இருந்தால், அக்கா சொல்லிவிட்ட கதையை ஆறுதலாக எடுக்கலாம். கதையை அவள் விமானத்திலேயே பாடமாக்கியிருந்தாள். "பிள்ளை, ஊர் என்ன சொல்லும் எண்டு யோசியாதை" என்று தொடங்கி, "மம்மி பாவம்" என்று முடிகிற கதை.

"வாறன். பஸ்தானே" என்றாள்.

மறுநாள் காலை அந்தப் பஸ் வந்து நின்றது. பக்கமெல்லாம் பச்சை நிறத்தில் ஒரு பெரிய பல்லி வரைந்திருந்தது. உள்ளே இருபத்தெட்டுப் பேர், ஒருவருக்கும் முப்பது வயதில்லை. ஜெர்மன்காரர், பிரேசில்காரர், காலில் செருப்பே இல்லாத ஒரு டச்சுப் பெடியன். ஓட்டுநர் ஹேமி அகன்ற தோள்களும் கையில் பச்சை குத்தலுமாக இருந்த மாவோரி மனிதர். கையில் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்.

"ஸ்டெபனி?"

"இருக்கிறேன்."

"பிரியந்தன்?"

ஸ்டெபனி யன்னலுக்கு வெளியே பார்த்தாள். பெயர் மாற்ற நிறுவனம் சம்மதிக்கவில்லை என்பதை அவள் சொல்ல மறந்திருந்தாள். ஹேமி இன்னொரு தரம் கூப்பிட்டார். யாத்திரை பஸ்ஸில் முதல் கூப்பாட்டிலேயே கை உயர்த்தாதவர்களைத் திட்டித் தீர்க்கும் யூஜினி, மெல்லக் கையை உயர்த்தினாள்.

ஹேமி பட்டியலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "நல்வரவு, பிரியந்தன்" என்றார். அன்றிலிருந்து அந்தப் பஸ் முழுவதற்கும் அவள் பிரி. டச்சுப் பெடியன் அவளைக் காணும்போதெல்லாம் "பிரி!" என்று கை காட்டுவான். அவளும் திருப்பிக் காட்டுவாள்.

முதல் நாள் குகை. நிலத்துக்கு அடியில் ஓடும் ஆற்றில், டயர் டியூப்பில் இருந்துகொண்டு இருட்டுக்குள் மிதந்து போவது நிகழ்ச்சி. குளிர் தாங்கும் றப்பர் உடுப்பைப் பிரியந்தனின் அளவுக்கு, ஆறடி இரண்டு அங்குலத்துக்கு, முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தார்கள். யூஜினி ஐந்தடி ஒன்று. காலில் மூன்று மடிப்பு, கையில் நான்கு மடிப்பு. இடுப்பில் மட்டும் சரியாக இருந்தது. அதுவே அவளுக்குப் பெரிய கவலையாயிற்று.

குகைக்குள் விளக்குகளை அணைத்ததும், கூரை முழுவதும் நீலப் புள்ளிகளாகப் பூச்சிகள் ஒளிர்ந்தன. ஒருவரும் பேசவில்லை. தண்ணீர் மட்டும் எங்கோ சொட்டியது. ஸ்டெபனியின் டியூப் பக்கத்தில் வந்து முட்டியது. இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று யூஜினி நினைத்தாள்.

"பிள்ளை" என்று மெதுவாகத் தொடங்கினாள். "ஊர் என்ன சொல்லும் எண்டு..."

குகை அதை வாங்கி, நாலு மடங்காக்கி, எல்லாருக்கும் திருப்பிச் சொன்னது. எண்டு, எண்டு, எண்டு. வழிகாட்டி உஷ் என்றார். பிரேசில்காரி ஒருத்தி அது ஏதோ பிரார்த்தனை என்று நினைத்து நெஞ்சில் சிலுவை போட்டாள். யூஜினி வாயை மூடிக்கொண்டு, வெளிச்சம் தெரியும்வரை டியூப்பைப் பிடித்தபடி குளிரில் நடுங்கினாள்.

மூன்றாம் நாள் ரௌப்போ என்ற ஏரிக்கரை ஊருக்கு வந்தார்கள். கடல் போல ஏரி, அதற்கப்பால் தலையில் பனி வைத்த மலைகள். ஏரியில் இருந்து புறப்படும் ஆறு அவள் வாழ்க்கையில் காணாத நிறத்தில் ஓடியது. அதைப் பார்த்ததும் அவள் மனதில் முதலில் வந்தது தன் சிங்கில் இருக்கும் பாத்திரம் கழுவும் திரவம். இவ்வளவு தூரம் வந்தும் தனக்கு இதுதானா வருகிறது என்று வெட்கப்பட்டு, ஒருவருக்கும் சொல்லாமல் விட்டாள்.

அந்த ஆற்றுக்கு மேல், செங்குத்தான பாறையில் இருந்து ஒரு மேடை நீட்டிக்கொண்டிருந்தது. காலில் றப்பர்க் கயிறு கட்டிக்கொண்டு அதிலிருந்து தலைகீழாகக் குதிக்க வேண்டும். தேனிலவுக்குப் பதிவு செய்தது என்பதால், தம்பதியாகக் கட்டிப்பிடித்தபடி இருவர் சேர்ந்து குதிக்கும் வகை.

"சித்தி, நீங்கள் குதிக்க வேண்டாம். நான் தனியக் குதிப்பன்."

"ஏன், எனக்கென்ன? நானும் வாறன்."

அப்படி ஏன் சொன்னாள் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. பஸ்ஸில் இருந்த இருபத்தெட்டுப் பேரும் "பிரி, பிரி" என்று கைதட்டியது ஒரு காரணமாக இருக்கலாம். நிறுவைத் தட்டில் ஏற்றி நிறுத்தார்கள். நிறையைச் சிவப்பு மையால் புறங்கையில் பெரிதாக எழுதினார்கள். வீட்டில் செல்வரட்ணத்துக்குக்கூடத் தெரியாத இலக்கம் அது. மறு கையால் அதைப் பொத்திக்கொண்டே மேடைக்கு நடந்தாள். மேடையில் அவளையும் ஸ்டெபனியையும் முகத்துக்கு முகம் நிறுத்தி, கால்களைச் சேர்த்துக் கட்டினார்கள். ஒரு பெட்டை கமராவை நீட்டி, "சிரியுங்கள்" என்றாள். சிரித்தார்கள். பிறகு பென்குவின் மாதிரி அடிமேல் அடி வைத்து விளிம்புக்குப் போனார்கள். கீழே ஆறு, அதே பாத்திரம் கழுவும் திரவத்தின் நிறத்தில், வெகு ஆழத்தில்.

ஸ்டெபனி அவள் காதுக்குள் சொன்னாள்: "சித்தி, மம்மி உங்களிட்ட ஏதோ சொல்லிவிட்டவ எல்லே. இப்ப சொல்லுங்கோ. நான் எங்கையும் ஓட ஏலாது."

யூஜினி வாயைத் திறந்தாள். பாடமாக்கியது ஒரு சொல்லும் வரவில்லை. வந்தது இதுதான்: "பிள்ளை, என்னை அவிழ்க்கச் சொல்லு."

"சித்தி?"

"மாதாவே, என்னை அவிழ்க்கச் சொல்லு!"

அவிழ்த்தார்கள். தவழ்ந்து வந்தாள் என்று சொன்னால் அது கொஞ்சம் கௌரவம். இருந்த இருப்பிலேயே பின்னுக்கு, நண்டு மாதிரி, பலகையைத் தடவித் தடவி வந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது, ஸ்டெபனி தனியே விளிம்பில் நின்றாள். ஒருதரம் மூச்செடுத்தாள். கையை விரித்தாள். பிறகு அந்த இடத்தில் ஒருவரும் இல்லை. கீழே இருந்து ஒரு சத்தம் வந்தது. யூஜினி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அது அலறல் இல்லை, சிரிப்பு என்று விளங்க அவளுக்குச் சில விநாடி எடுத்தது. அந்தப் பிள்ளை அப்படிச் சிரித்து அவள் கேட்டது, ஸ்டெபனிக்கு ஏழு வயதாக இருக்கும்போது.

அன்றிரவு விடுதியில் கையைச் சவர்க்காரம் போட்டு உரஞ்சினாள். இலக்கம் போகவில்லை. ஆறுதல் சொல்ல வந்தவளைத் தூக்கிப் பிடிக்க வேண்டியதாய்ப் போயிற்றே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். இனி எந்த முகத்தோடு அந்தக் கதையைத் தொடங்குவது?

ஐந்தாம் நாள் பஸ் கிழக்குப் பக்கமாகத் திரும்பி, மலைகளுக்குள் இருந்த ஒரு சிறிய ஊருக்குப் போனது. அது ஹேமியின் சொந்த ஊர். அங்கே மாவோரிச் சனங்களின் ஊர்ச்சபை வீடு ஒன்று இருந்தது. முற்றம், செதுக்கிய மரத் தூண்கள், முகப்பில் மூதாதை ஒருவரின் முகம். அன்றைக்குத் தங்குவது அங்கேதான்.

"உள்ளே போவதற்கு ஒரு முறை இருக்கிறது" என்றார் ஹேமி. "அவர்கள் கூப்பிட்டால்தான் போகலாம். பெண்கள் முன்னுக்கு. மூத்த பெண் எல்லாருக்கும் முன்னுக்கு."

இருபத்தெட்டு விரல்கள் பிரியின் பக்கம் நீண்டன.

முற்றத்தின் மறுபக்கத்தில், கறுப்பு உடுத்த ஒரு பெண்மணி நின்றார். அவர் குரல் எடுத்தார். நீண்டு, உடைந்து, மறுபடி எழும்புகிற குரல். வருகிறவர்களோடு அவர்களுடைய இறந்தவர்களும் கூடவே வருகிறார்கள், அவர்களையும் சேர்த்துத்தான் கூப்பிடுகிறார் என்று ஹேமி பஸ்ஸிலேயே சொல்லியிருந்தார். அப்போது யூஜினி அதை ஒரு தகவலாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது காலடி எடுத்து வைத்தபோது முதுகு சிலிர்த்தது. சூரிச் செத்தவீட்டில் அவளால் அழ முடியவில்லை, நாற்பது பேருக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். இங்கே, முன்பின் தெரியாத முற்றத்தில், கன்னம் நனைந்தது.

பிறகு வரிசையாக நின்று மூக்கோடு மூக்கு, நெற்றியோடு நெற்றி வைத்து வணக்கம். யூஜினி கண்ணாடியைக் கழற்ற மறந்துபோய், அந்தப் பெண்மணியின் நெற்றியில் இடித்தாள். அவர் ஹேமியின் மாமி, பெயர் மேரே. நெற்றியைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

கொல்லையில் குழி தோண்டி, நெருப்பில் பழுக்கச் சுட்ட கல்லின்மேல் ஆட்டிறைச்சியும் வற்றாளங்கிழங்கும் பூசணியும் கூடைகளில் இறக்கி, ஈரத்துணி போட்டு, மண்ணால் மூடினார்கள். வேக மூன்று மணித்தியாலமாகும். மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் சபை வீட்டுக்குள் வட்டமாக மெத்தைகளில் இருந்தார்கள்.

மேரே சொன்னார்: "எங்களிடம் ஒருவர் தன்னைச் சொல்லும்போது பெயரைக் கடைசியில்தான் சொல்லுவார். முதலில் உங்கள் மலை. பிறகு உங்கள் ஆறு. பிறகு உங்கள் ஆட்கள் வந்த படகு. பிறகு ஆட்கள். கடைசியாக நீங்கள். சொல்லுங்கள் பார்ப்போம்."

ஜெர்மன்காரருக்கு மலை இருந்தது. பிரேசில்காரிக்கு உலகத்திலேயே பெரிய ஆறு இருந்தது. டச்சுப் பெடியன் தன் ஊரில் மேம்பாலத்தைவிட உயரமாக ஒன்றுமில்லை என்றான். பிறகு யூஜினியின் முறை.

"எனக்கு மலை..." என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள். மன்னார்த் தீவில், பேசாலையில் பிறந்தவளுக்கு மலை எங்கே? மில்லிக்கனும் தோசைக்கல் மாதிரித்தான். "எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளாசா இருக்கிறது. கார் தரிப்பிடத்துப் பனியை எல்லாம் வழித்து ஒரு மூலையில் குவிப்பார்கள். அதுதான் என் மலை. மே மாதம் வரை நிற்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். மேரேயும் சிரித்தார். யூஜினிக்குத் துணிவு வந்தது. "ஆறு இல்லை. மழைத்தண்ணி தேங்கும் குளம் ஒன்று இருக்கிறது. அதில் கனடா வாத்துகள். பக்கத்தில் போனால் கடிக்கும்."

"படகு?" என்றார் மேரே.

அதற்கும் ஒரு பகிடி சொல்லத்தான் வாயெடுத்தாள். வரவில்லை.

"படகு இருக்கிறது" என்றாள். "கண்ணாடியிழைப் படகு. பின்னுக்கு ஒரு இயந்திரம். தொண்ணூறாம் ஆண்டு. எனக்குப் பத்தொன்பது வயது. பேசாலையில் இருந்து இந்தியக் கரைக்கு."

"அதில் யார் யார் வந்தீர்கள்?"

"இருபத்தொரு பேர். ஏறின நேரத்தில் இருந்து நான் சத்தி, ஒரே வாந்தி. இயந்திரத்துக்கு மேலேயே எடுத்துவிட்டேன். ஓட்டியவர் என்னைத் தூக்கிக் கடலில் போடுவேன் என்று பேசினார். அக்கா என் பின்னலைத் தன் கையில் மூன்று சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள், நான் விழாமல் இருக்க. விடிய மணல்திட்டில் இறங்கும்வரை விடவில்லை. அவள் மணிக்கட்டில் கயிறு அறுத்த மாதிரி அடையாளம் இருந்தது." மேரேயின் பக்கம் நிமிர்ந்தாள். "என் பெயர் யூஜினி."

டச்சுப் பெடியன் திடுக்கிட்டு, "அப்போது பிரி?" என்றான்.

ஸ்டெபனி சித்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மம்மி இதைச் சொல்லவே இல்லை" என்றாள் தமிழில். பிறகு மேரேயின் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னாள், கையை மடியில் கோத்துக்கொண்டு:

"என் படகு, இவர் சத்தி எடுத்த அந்தப் படகு. என் அம்மா அதில் வந்தார். என் பெயர் ஸ்டெபனி. போன சனிக்கிழமை எனக்குக் கலியாணம் நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. பட்டியலில் இருக்கும் பிரியந்தன் வரவில்லை. இவர் என் சித்தி." டச்சுப் பெடியன் யூஜினியைப் பார்த்துத் தலையாட்டினான். "மலையை விட்டுவிட்டேன். நான் வேலை செய்யும் இடத்து யன்னலால் பார்த்தால் ஒரு மலை தெரியும். ஒவ்வொரு நாள் காலையும் பார்ப்பேன். அதைத்தான் சொல்ல விருப்பம். ஆனால் அதன் பெயர் எனக்கு வாயில் நுழையாது."

"என்ன மலை?" என்றார் மேரே.

சொன்னாள். பிழை. மேரே திருத்தினார். மறுபடி சொன்னாள். மறுபடி பிழை. டச்சுப் பெடியனும் சொல்லிப் பார்த்தான். கடைசியில் இருபத்தெட்டுப் பேரும் ஒரு பள்ளிக்கூடம் மாதிரிச் சேர்ந்து சொல்ல, ஆறாம் தரம் ஸ்டெபனிக்குச் சரிவந்தது. மேரே தலையாட்டி, "இனி மறக்காதே" என்று சொல்லி எழுந்து குழியைப் பார்க்கப் போனார்.

மண் மணமும் புகை மணமும் சேர்ந்த இறைச்சியை யூஜினி இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாள். உறைப்பே இல்லை என்பது சாப்பிட்டு முடிந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. பிறகு விருந்தாளிகள் கோப்பை கழுவ உதவினார்கள். யூஜினி உற்சாகமாகப் புகுந்து, கோப்பை துடைக்கும் துணியில் தன் கையைத் துடைத்து, அப்படிச் செய்யக் கூடாது என்று மேரேயிடம் பேச்சு வாங்கினாள். ஸ்டெபனி பக்கத்தில் நின்று கோப்பைகளை அடுக்கினாள்.

"சித்தி, மம்மி உங்களை ஏன் அனுப்பினவ எண்டு எனக்கு முதல் நாளே தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ இவ்வளவு நாளும் என்னைத் தவிக்கவிட்டனி?"

"பாக்கப் பம்பலா இருந்தது. குகைக்குள்ளை தொடங்கினீங்கள் பாருங்கோ, ஓ மை கோட்."

"சரி, இப்ப கேக்கிறன். என்னோட ரொறன்ரோவுக்கு வாறியோ?"

"இல்லை சித்தி."

"நல்லது. நான் கேட்டிட்டன்." அடுத்த கோப்பையை எடுத்தாள். "அழுகை வந்தா ஆரிட்டப் போவாய்?"

"வேலையிடத்தில ஃபிரெண்ட்ஸ் இருக்கினம். உங்களுக்குக் கோல் எடுப்பன். எடுக்கலாம்தானே?"

"வேலை நேரத்தில எடுத்தா ஆன்ஸர் பண்ண ஏலாது. மற்ற நேரம் எடு."

ரொறன்ரோவில் இறங்கும்போது, மேடையில் இருவரும் கட்டுண்டு சிரிக்கும் படம் யூஜினிக்கு முன்னே வந்து சேர்ந்திருந்தது. ஸ்டெபனி குடும்பக் குழுவில் போட்ட படம் அது. யூஜினி பாறையில் இருந்து குதித்தாள் என்று ஸ்காபரோ முழுக்கக் கதை. தேவாலய வாசலில் பாதரே கைகொடுத்தார். வேலையிடத்தில் பைகளைப் பார்க்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கைதட்டினார்கள். யூஜினி பொய் என்றும் சொல்லவில்லை, மெய் என்றும் சொல்லவில்லை. அப்படியே ஒன்பது நாள் அந்தப் புகழில் சுகமாக இருந்தாள். பத்தாம் நாள், "உமக்குக் காலுக்குக் கீழை ஒண்டும் இல்லாத மாதிரி இருந்திருக்குமே, எப்பிடியப்பா இருந்தது?" என்று செல்வரட்ணம் மெய்யான மதிப்போடு கேட்டபோது, அவளால் தாங்க முடியவில்லை. நண்டு மாதிரி வந்ததை வரவேற்பறைக் கம்பளத்தில் இருந்து செய்தே காட்டினாள். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு கேட்கிறவர்களுக்கெல்லாம் அதையே செய்து காட்டினாள். குதித்த கதையைவிட அதற்குத்தான் கூட்டம் கூடியது.

றீற்றாவிடம் மட்டும் சிரிப்புச் செல்லவில்லை.

"அவள் வரமாட்டாள் அக்கா. அவள் அங்கை நல்லா இருக்கிறாள்."

"நீ ஒழுங்காக் கேட்டிருக்கமாட்டாய்."

"கேட்டன். கோப்பை துடைச்சுக்கொண்டு கேட்டன்."

"உன்னை அனுப்பினன் பார், எனக்கு விசர்" என்று சொல்லிவிட்டு றீற்றா ஃபோனை வைத்தாள். மாதக்கணக்கில் கதைக்கவில்லை. உயிர்த்த ஞாயிறு பூசையில்கூட மற்றப் பக்கத்து வாங்கில் போய் இருந்தாள். யூஜினிக்கு அது வலித்தது. ஆனாலும் படகுக் கதையை ஸ்டெபனிக்குச் சொன்னதையோ, அதைக் கேட்ட பிள்ளையின் முகத்தையோ அவளாக எடுத்துச் சொல்லவில்லை. அது தாயும் மகளும் கதைக்க வேண்டிய கதை.

ஒக்டோபரில் ஒருநாள் யூஜினி வேலை முடிந்து கார் தரிப்பிடத்துக்கு வரும்போது ஃபோன் அடித்தது. றீற்றா. சுகம் விசாரிக்கவில்லை, கோபமும் காட்டவில்லை. நேற்றும் ஸ்டெபனியோடு ஒரு மணித்தியாலம் கதைத்தாளாம். மகள் படகைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தாளாம், விசர்ப் பெட்டை.

யூஜினி காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"யூஜி" என்றாள் றீற்றா.

"ஓம் அக்கா."

"டிசம்பரில, நத்தாருக்கு அவளிட்டப் போகலாம் எண்டு பாக்கிறன். அந்தப் பஸ்ஸில முழங்கால் ஏலாத ஆக்களையும் ஏத்துவாங்களோ?"